ரிக்ல இல்ல, சூட்டை கழட்டுற எடத்துலதான் விஷம் ஒட்டுது: டீகான்ல (ஒட்டுன கெமிக்கலை கழுவி எடுக்கறதுல) தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெமிக்கல் ஊறிப்போன மண்ணுல துளை போடுற சைட்ல, துளை போடுற மெஷினான ரிக் ஓடுற வரைக்கும் எல்லாருமே உஷாராதான் இருப்பாங்க, ஷிஃப்ட் முடிஞ்சு பாதுகாப்பு சூட்டை கழட்டுற அந்த பத்து பதினஞ்சு நிமிஷத்துலதான் கோட்டை விட்டுருவாங்க. உள்ள தொப்பலா நனைஞ்சிருக்கும், எப்படா கழட்டுவோம்னு இருக்கும், அந்த அவசரத்துல காலைலேர்ந்து வெளியவே நின்னது உள்ள வந்துருது.

பெரிய தப்பு, மாஸ்க்கை முதல்ல கழட்டுறது. என்கூட வேலை பாத்த ஒருத்தர் மூச்சு முட்டுதுன்னு வெளி கிளவ்ஸோடயே மாஸ்க் ஸ்ட்ராப்பை இழுத்தாரு, மறுநாள் காலைல பாத்தா தாடை ஓரமா விரல் பட்ட எடம் மட்டும் கோடு கோடா செவந்து தடிச்சிருந்துச்சு. வரிசை இதுதான்: பூட்ஸையும் வெளி கிளவ்ஸையும் கழுவிட்டு, கிளவ்ஸும் பூட்ஸும் சூட்டோட சேர்ற எடத்துல ஒட்டுன டேப்பை பிரிச்சு, வெளி பூட்ஸ், வெளி கிளவ்ஸ், அப்புறம் சூட், அதுக்கப்புறம்தான் மாஸ்க், உள் கிளவ்ஸ் எப்பவும் கடைசி. சூட்டை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மேலேர்ந்து சுருட்டிக்கிட்டே இறக்கணும், உதறக்கூடாது. உள் கிளவ்ஸ்ல முதல் கைய மணிக்கட்டுகிட்ட வெளிப்பக்கமா கிள்ளி உரிச்சு இன்னொரு கைக்குள்ள சுருட்டி வெச்சுக்கிட்டு, வெறும் விரலை அந்த ரெண்டாவது கிளவ்ஸோட உள்பக்கம் விட்டு அதை உரிச்சா முதல் கிளவ்ஸ் அதுக்குள்ளயே பொட்டலமாயிரும்.

டேப் ஒட்டுறப்பவே நுனிய ஒரு மடிப்பு மடிச்சு விடுங்க. கிளவ்ஸ் போட்ட விரலுக்கு நுனி சிக்காமதான் பிளேடை எடுத்து சூட்டோட சேத்து தோலையும் கீறிக்கிறாங்க.

அப்புறம் டீசல்ல கை கழுவுறது, இதை எத்தனை தடவை சொன்னாலும் விடமாட்டேங்கிறாங்க. கறை போகும்தான், ஆனா தோல்ல இருக்க எண்ணெய்ப் பசையும் சேந்து போயிரும், அப்புறம் மத்த கெமிக்கலுக்கு உள்ள போக வழி சுலபம். கொதிக்கிற தண்ணியும் வேணாம், முரட்டு பிரஷ்ஷும் வேணாம், வெதுவெதுப்பான தண்ணியும் சோப்பும் போதும். பாறைல துளை போட்டுட்டு வந்து ஏர் ஹோஸால துணிய ஊதிவிடுறதும் அதே மாதிரிதான், சிலிக்கா தூசி துணில இருந்ததைவிட காத்துல இருந்தாதான் நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத்துணியால தொடைங்க, இல்ல நுண்ணிய தூசியையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் போட்ட வாக்யூம்.

கிளவ்ஸ்ல ஓட்டை இல்ல, அதனால சேஃப்னு நெனைக்காதீங்க. மெல்லிசான நைட்ரைல் ரப்பர் கிளவ்ஸ்ல பென்சீன்ங்கிற கெமிக்கல் சில நிமிஷத்துலயே ஊடுருவிரும், பாக்க கிளவ்ஸ் புதுசு மாதிரியேதான் இருக்கும். வாசனை வரலைன்னு முடிவு பண்றதும் தப்பு. பென்சீனுக்கு அமெரிக்க தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வெச்சிருக்க 8 மணி நேர சராசரி வரம்பு 1 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல ஒரு பங்கு), மூக்குக்கு தெரியறதுக்கு முன்னாடியே அதை தாண்டியிருக்கலாம், மீட்டர்தான் சொல்லணும்.

டீகான் எடத்தை ரிக்குக்கு காத்து வர்ற பக்கமா வைங்க, காத்து போற பக்கம் வெச்சா கழுவ கழுவ திரும்ப படியும். வரிசையா வெச்சிருக்க கழுவுற டப்புல, முதல் டப்புல போட்ட பிரஷ்ஷை கடைசி டப்புல போடக்கூடாது. மண்ணைத் துளைக்கிற திருகான ஆகரையும் டிரில் ராடையும் ஸ்டீம்ல கழுவுறவர் பெரும்பாலும் ஃபேஸ் ஷீல்டு இல்லாம நிப்பாரு, சாரல் பூரா அவர் மூஞ்சிலதான் அடிக்கும். கழுவின தண்ணிய மண்ணுல விடாம ட்ரம்ல பிடிச்சு அன்னைக்கே லேபிள் ஒட்டிருங்க, ஒரு வாரம் கழிச்சு எந்த ட்ரம்ல என்னன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

லெதர் பூட்ஸ், வாட்ச் ஸ்ட்ராப், மரக்கைப்பிடி, கயிறு, இதெல்லாம் உறிஞ்சிக்கும், எவ்வளவு கழுவுனாலும் முழுசா போகாது. ஹாட் ஸோனுக்குள்ள, அதாவது கெமிக்கல் இருக்க வேலை எடத்துக்குள்ள, கொண்டுபோகாம இருக்கறதுதான் வழி. வேலைத்துணிய வீட்டுக்கு எடுத்துட்டுப்போய் குழந்தைங்க துணியோட போட்டு துவைக்காதீங்க, தயவுசெஞ்சு.

கடைசியா ஒண்ணு, உள்ள யாராவது உயிருக்கு ஆபத்தா விழுந்துட்டா டப் வரிசையெல்லாம் பாத்துட்டு நிக்காதீங்க. தூக்க போறவங்க அவங்க கிளவ்ஸையும் மாஸ்க்கையும் போட்டுக்கிட்டு போகணும், சூட்டை வெட்டி எடுக்க முடிஞ்சா எடுங்க, முடியலைன்னா போர்வைல சுத்துங்க, கண்ணுல பட்டிருந்தா 15 நிமிஷமாவது விடாம தண்ணி ஊத்துங்க. என்ன கெமிக்கல்னு ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட அவங்க தொடுறதுக்கு முன்னாடியே சொல்லி, அந்த கெமிக்கலோட சேஃப்டி ஷீட்டையும் ஆளோடயே அனுப்பிருங்க.