கழுத்துக் கட்டி, ஒரு காது அடைப்பு: தம்பிக்காகக் கற்றுக்கொண்டது

தம்பிக்கு 22 வயது. கழுத்தில் வலியில்லாத கட்டி. டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் வீணானது. கடைசியில் அது மூக்கின் பின்புறப் புற்றுநோய் என்று தெரிந்தது. இடது காது அடைத்திருந்ததை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இந்த இரண்டோடு மூக்குச் சளியில் ரத்தமும் வந்தால் காத்திருக்காதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பி (கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) கேளுங்கள்.

மூக்கின் பின்புறம், தொண்டையின் மேல்பகுதியில் வரும் இந்தப் புற்றுநோய் நம் பக்கம் அரிது. தெற்கு சீனாவிலும் நாகாலாந்திலும் அதிகம். பயாப்ஸி (சோதிக்கச் சிறு சதைத்துணுக்கு) எடுத்தால், இந்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான ‘ஈபர்’ சோதனையும் செய்வார்களா என்று கேளுங்கள். இந்த வைரஸ் உலகில் பெரும்பாலோர் உடம்பில் உண்டு. தொற்றிவிடும் என்று தட்டைத் தனியாக வைத்த அத்தைக்கு இதைத்தான் சொன்னேன். அப்புறம் எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன்.

பெரும்பாலும் அறுவை இல்லை, கதிர்வீச்சுதான் முதன்மை. தம்பிக்கு முதலில் ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள். பிறகு ஏழு வாரத்தில் 35 தடவை கதிர்வீச்சு. தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், கதிர்வீச்சுக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். கேட்கும் திறனைச் சோதியுங்கள். விந்தணு சேமிப்பு பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். அம்மா வெளியே போன நேரத்தில் கேட்டோம்.

கதிர்வீச்சின் நான்காம் வாரம் தண்ணீர் குடித்தாலே தொண்டை எரிந்தது. குழைந்த தயிர்சாதம், ஆறிய கஞ்சி மட்டும் இறங்கின. ஊறுகாய் பாட்டிலை ஒளித்து வைத்தேன்.