ஆர்சி டூரிங் காருக்குப் புது ஷாக்: வாங்குவது, கட்டுவது, செட் பண்ணுவது (செட்டிநாட்டு ரோட்டுக்கு)

டூரிங் கார், அதாவது ரிமோட்டில் ஓட்டுகிற, ரோட்டுக்கான சின்ன மாடல் கார் வாங்கியவர்கள் முதலில் கை வைப்பது மோட்டாரில்தான். அடுத்தது பேட்டரி. சக்கரத்தின் துள்ளலை அடக்குகிற ஷாக் பக்கம் வருவதற்குள் காசு தீர்ந்துவிடும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதற்கு நேர் தலைகீழ். நம் ரோட்டில் டயர் பாதி நேரம் தரையில் நிற்காமல் துள்ளுகிறது. துள்ளுகிற டயருக்கு எவ்வளவு பெரிய மோட்டார் போட்டு என்ன பயன்?

அலுமினிய ஷாக்கா, பிளாஸ்டிக் ஷாக்கா என்பதும் அப்புறம் வருகிற கேள்வி. ஒழுங்காகக் கட்டிய பிளாஸ்டிக் ஷாக், அரைகுறையாகக் கட்டிய அலுமினிய ஷாக்கை விட நன்றாக ஓடும். அதனால் இந்த விளக்கத்தில் வாங்குவதை விடக் கட்டுவதற்குத்தான் அதிக இடம். ஷாக்கை இதுவரை திறந்தே பார்க்காதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. இப்போது காரில் என்ன இருக்கிறது?

2013-இல் வந்த தமியா கம்பெனியின் டிடி-02 இன்றும் பலருக்கு முதல் கார். அதன் அடிப்படைக் கிட்டில் இருப்பது ஃப்ரிக்‌ஷன் டேம்பர். ஒரு கம்பி, ஒரு பிளாஸ்டிக் குழாய், மேலே ஸ்பிரிங், அவ்வளவுதான். உள்ளே ஆயில் கிடையாது. ஸ்பிரிங் அழுந்தி விரியும்போது அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் கார் பந்து மாதிரி குதிக்கும். உங்களிடம் இருப்பது இதுதான் என்றால், எந்த ஆயில் ஷாக் மாட்டினாலும் வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும்.

ஏற்கெனவே ஆயில் ஷாக் இருந்தால் அவசரப்பட்டுப் புதுசு வாங்க வேண்டாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, கையால் மெதுவாக அழுத்தி இழுத்துப் பாருங்கள். ‘சளக் சளக்’ என்று சத்தம் வந்தால் உள்ளே காற்று. கம்பியைச் சுற்றி ஈரமாக, செம்மண் ஒட்டிப்போய் இருந்தால், ஆயிலை உள்ளே நிறுத்துகிற ரப்பர் வளையமான ஓ-ரிங் போய்விட்டது. இரண்டும் சின்ன வேலைகள். கம்பி வளைந்திருந்தாலோ, அதில் கீறல் விழுந்திருந்தாலோ மட்டும் வேறு வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

2. எங்கே ஓட்டப்போகிறீர்கள்?

இதற்குப் பதில் தெரியாமல் ஸ்பிரிங் வாங்கினால் காசு வீண். நம் பக்கம் பெரும்பாலும் மூன்று வகைத் தரை.

ஒன்று, கல்யாண மண்டபத்துக்கு முன்னால் இருக்கிற மாதிரியான சிமெண்டுத் தளம். உள்ளதில் இதுதான் நல்லது. அனுமதி கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டாவது தார். அகலமாக, நேர்கோடு போட்ட மாதிரி போகிற நம் தெருக்களைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஓரத்துச் சரளையும் செம்மண் பொடியும் எப்போதும் தாருக்கு மேலே பரவிக் கிடக்கும். வண்டி போகிற தெருவில் ஓட்டவே வேண்டாம், உள்ளே தள்ளி இருக்கிற காலி இடமாகப் பாருங்கள். மூன்றாவது, வீட்டுக்குள் ஆத்தங்குடி டைல்ஸ் தரை. பிடிமானமே இருக்காது, எந்த ஷாக்கும் அதைச் சரிசெய்யாது. போதாக்குறைக்கு, ‘கல்லு கீறிப்போயிடும்ப்பா, வெளிய கொண்டு போய் ஓட்டு’ என்று ஆச்சியிடம் பேச்சு வேறு வாங்க வேண்டும்.

மழமழவென்ற சிமெண்டுத் தளத்துக்குச் சற்றுக் கடினமான ஸ்பிரிங், தாழ்வான கார். மேடு பள்ளமான தாருக்கு மென்மையான ஸ்பிரிங், சற்று உயர்ந்த கார். இதை மட்டும் இப்போதைக்கு மனதில் வையுங்கள்.

3. வாங்குவது

நீளம்தான் முதல் கணக்கு. பழைய ஷாக்கை முழுதாக இழுத்துவிட்டு, மேல் ஓட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓட்டையின் நடு வரை அளந்துகொள்ளுங்கள். டூரிங் காருக்கு விற்பவை பெரும்பாலும் 50 முதல் 60 மி.மீ.க்குள் இருக்கும். நீளம் கூடினால் சக்கரம் அளவுக்கு மேல் கீழே தொங்கும், சக்கரத்தைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்ட் இறுகும். அதோடு கார் குதித்து இறங்கும்போது சேஸிஸ் (காரின் அடித்தட்டு) தரையைத் தொடும் முன்பே ஷாக் முட்டிக்கொண்டு மூடி உடையும். மாட்டிய பிறகு ஒரு சோதனை: ஸ்பிரிங் இல்லாமல் காரைத் தரையோடு அழுத்துங்கள். சேஸிஸ் முதலில் தரையைத் தொட வேண்டும், ஷாக் முட்டக்கூடாது.

மற்றபடி பார்க்க வேண்டியவை: கம்பி வழுவழுப்பாக இருக்கிறதா, உடம்பில் மரை போட்டு ஸ்பிரிங் உயரத்தைத் திருகி ஏற்றி இறக்க முடியுமா, தனியாக ஓ-ரிங் செட் கிடைக்குமா. கடைசியாகச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்ப் புழுதியில் ஓ-ரிங் தேயாமல் இருக்காது. நிறத்தைப் பார்த்து வாங்குவதாக இருந்தால் அலமாரியில் வைக்க நல்ல பொருள் கிடைக்கும். விலை குறைந்த அலுமினிய செட் பலவும் ஆயில் ஊற்றிக் கட்டியே வரும். அதை அப்படியே மாட்டாதீர்கள். நான்கிலும் ஒரே அளவு ஆயில் இருப்பது அபூர்வம்.

4. ஆயில் எது?

சிலிக்கான் ஷாக் ஆயில் மட்டுமே. தையல் மெஷின் ஆயில், மெக்கானிக் கடை ஃபோர்க் ஆயில் எதுவும் வேண்டாம். பெட்ரோலிய ஆயில் பட்டால் சிலிக்கான் ஓ-ரிங் ஊதிப்போகும். டிஃபரன்ஷியல் என்கிற கியர் பெட்டிக்கு விற்கிற சிலிக்கான் ஆயிலும் வேறு. அது இதை விடப் பல மடங்கு கெட்டியானது.

ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்கு பாட்டிலில் இரண்டு விதமாக எண் போட்டிருப்பார்கள்: டபிள்யூடி, சிஎஸ்டி. எண் கூடினால் ஆயில் கெட்டி. டபிள்யூடி எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டீம் அசோசியேட்டட் பாட்டிலில் 30 டபிள்யூடி என்றால் 350 சிஎஸ்டி, 40 என்றால் 500. இன்னொரு கம்பெனியின் 30 இதே அளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று இல்லை. ஆகவே சிஎஸ்டி எண்ணை மட்டும் பாருங்கள்.

அந்த எண் பொதுவாக 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. இங்கேதான் நம் ஊர் குறுக்கே வருகிறது. சித்திரை வெயிலில் 40 டிகிரியில் ஓட்டினால் சிலிக்கான் ஆயிலின் கெட்டித்தன்மை ஏறக்குறையக் கால் பங்கு குறைந்துவிடும். 400 ஊற்றினால் 300 மாதிரி நடந்துகொள்ளும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதி வைத்த செட்டப்பை அப்படியே எடுத்துப் போட்டு, கார் தொளதொளவென்று ஆடுகிறது என்று புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். என் சிபாரிசு: கோடையில் 450 அல்லது 500, மார்கழி தை மாதங்களில் 350 அல்லது 400. முன்னும் பின்னும் ஒரே ஆயிலில் ஆரம்பியுங்கள்.

5. கட்டுவது

நிதானமாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். பிஸ்டனைக் கம்பியில் பிடித்து வைக்கிற சின்ன ஈ-கிளிப் தெறித்து ஓடினால் பூ டிசைன் தரையில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

உலோக உடம்பை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். கடைந்தபோது ஒட்டிய உலோகத் தூள் உள்ளே இருக்கலாம். பிளாஸ்டிக் பிஸ்டனின் (கம்பி முனையில் இருக்கிற, ஓட்டை போட்ட வட்டு) விளிம்பில் அச்சிலிருந்து வந்த பிசிறு இருந்தால் பிளேடால் மெல்ல எடுத்துவிடுங்கள். பிஸ்டனில் ஓட்டை அதிகமாக அல்லது பெரிதாக இருந்தால் ஆயில் எளிதாகப் பாயும், ஷாக் மென்மையாகும். நம் தாருக்கு மூன்று ஓட்டைப் பிஸ்டனில் தொடங்கலாம். ஓட்டை சிறிதாக இருந்தால், திடீரென்று ஒரு சரளைக் கல் மேல் ஏறும்போது ஆயில் அந்த வேகத்துக்குப் பாய முடியாமல் ஷாக் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். கார் தாண்டிக் குதிக்கும்.

ஓ-ரிங்குகளுக்கு ஓ-ரிங் கிரீஸ் தடவி உட்கார வையுங்கள். அடுத்து, பிஸ்டன் மாட்டிய கம்பியை உடம்பின் உள்பக்கத்திலிருந்து விட வேண்டும். அதன் கீழ்முனையில் இருக்கிற மரை கூர்மையானது. வறண்ட மரை ஓ-ரிங்குக்குள் நுழையும்போது ரப்பரின் உள்விளிம்பைச் சீவிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த வெட்டு வழியாகத்தான் பிறகு ஆயில் கசியும். மரையில் ஒரு சொட்டு ஷாக் ஆயில் விட்டு, மெதுவாகத் திருகியபடியே தள்ளுங்கள். கம்பியின் கீழ்முனையில் பால் எண்ட் என்கிற பிடிப்பை மாட்டும்போது கம்பியை வெறும் குறடால் பிடிக்கக் கூடாது. பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு பிடியுங்கள்.

இப்போது ஆயில். ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, கம்பியை முழுதாகக் கீழே இழுத்துவிட்டு, வாய் வரை ஊற்றுங்கள். பிஸ்டனை மிக மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். ஆயில் மட்டத்துக்கு மேலே பிஸ்டன் வந்துவிடக் கூடாது, வந்தால் திரும்பவும் காற்றை இழுத்துக்கொண்டு போகும். முதலில் பெரிய குமிழிகள் மேலே வரும். பிறகு பிஸ்டனுக்கு அடியில் ஒளிந்திருந்த கடுகளவு குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். எல்லாம் வரும் வரை பத்து நிமிடம் நிற்க வைத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

திரும்பி வந்து, கம்பி கீழே இருக்கும் நிலையிலேயே குறைந்த ஆயிலை நிரப்பி, மூடிக்கு அடியில் வருகிற ரப்பர் சவ்வான பிளாடரை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து வையுங்கள். நேராக மேலே வைத்து அமுக்கினால் அடியில் காற்று சிக்கும். மூடியை அரைகுறையாகத் திருகி, கம்பியை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். அதிகப்படி ஆயில் மரை வழியாக வழியும். பிறகு இறுக்குங்கள்.

இப்போது கம்பியை முழுதாக உள்ளே தள்ளிக் கையை எடுங்கள். தானாக வெளியே வருகிற தூரத்துக்கு ரீபவுண்ட் என்று பெயர். அது பாதியா, கால்வாசியா என்பது இப்போதைக்கு முக்கியமில்லை. இடது வலது ஜோடி ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரே ஜோடியின் இரண்டு ஷாக்குகளை முனையோடு முனை சேர்த்து அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் அழுந்தினால் சரி. ஒன்று முந்திக்கொண்டால் அதைத் திறந்து மறுபடி கட்டுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் நேர்ரோட்டில் கார் ஒரு பக்கமாக இழுப்பதற்கு இது ஒரு காரணம்.

6. மாட்டி உயரம் வைப்பது

இதற்குச் சமமான பரப்பு வேண்டும். ஆத்தங்குடி டைல்ஸை ஆசாரி கண்ணாடியின் மேல் வார்த்துத்தான் எடுக்கிறார், தனித்தனியாகப் பார்த்தால் முகம் அவ்வளவு மழமழப்பு. ஆனால் தரையில் பதித்த பிறகு ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நூலளவு ஏற்ற இறக்கம் வந்துவிடும். கண்ணாடிக் கடையில் தடிமனான ஒரு துண்டு வாங்கி, விளிம்பைத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி, பாடி எல்லாம் மாட்டிய நிலையில் காரை ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டு நிலைக்க விடுங்கள். தனியாக அளவுகோல் வாங்க வேண்டாம். 6 மி.மீ. ஆலன் கீயைப் படுக்கவைத்து சேஸிஸுக்கு அடியில் நுழைத்தால் அதுவே அளவு. சிமெண்டுத் தளத்துக்கு 6 மி.மீ., நம் தாருக்கு 8 மி.மீ. ஆலன் கீ நுழைகிற உயரம். ஸ்பிரிங்கைத் தாங்குகிற திருகு வளையமான காலரை இடது வலது இரண்டு பக்கமும் ஒரே அளவு திருகுங்கள். இப்படி ஏற்றுவதால் ஸ்பிரிங் கடினமாகிவிடாது, உயரம்தான் மாறும்.

அடுத்து ட்ரூப், அதாவது காரைத் தூக்கும்போது சக்கரம் கீழே தொங்குகிற அளவு. காரை நடுவில் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். டயர் தரையை விடும் முன் சேஸிஸ் 4, 5 மி.மீ. உயர்ந்தால் ஆரம்பத்துக்குப் போதும். கூடுதலாக இருந்தால் ஷாக்குக்குள், பிஸ்டனுக்குக் கீழே ஸ்பேசர் போட்டுக் குறைக்கலாம்.

7. ஓட்டித் திருத்துவது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

வளைவில் முன்பக்கம் திரும்ப மறுத்து நேராகவே போகிறதா? முன் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள். பின்பக்கம் வழுக்கிச் சுற்றுகிறதா? பின் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள். எந்தப் பக்கம் மென்மையோ அந்தப் பக்கம் பிடிமானம் கூடும். தமியா டூரிங் ஸ்பிரிங் செட்டில் சிவப்பு மென்மை, மஞ்சள் நடுத்தரம், நீலம் கடினம். வேறு கம்பெனியில் இந்த நிறக் கணக்கு செல்லாது.

கையில் ஸ்பிரிங் வேறு இல்லையா? ஷாக்கின் மேல்முனையை ஒரு ஓட்டை உள்பக்கம் தள்ளி மாட்டுங்கள். ஷாக் சாயச் சாய மென்மையாகும், நிமிர நிமிர விறைப்பாகும். காசில்லாத டியூனிங்.

மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் கார் ஆடிக்கொண்டே இருந்தால் ஆயில் போதவில்லை, 50 கூட்டுங்கள். சின்னச் சின்ன மேட்டிலேயே தட்டுத் தட்டென்று துள்ளினால் 50 குறையுங்கள். காலை ஆறு மணிக்குச் செட் பண்ணிய கார் பகல் பன்னிரண்டுக்கு வேறு மாதிரி ஓடும், அது உங்கள் குற்றமல்ல. எந்த நேரத்தில் ஓட்டப்போகிறீர்களோ அந்த நேரத்தில் செட் பண்ணுங்கள்.

8. பராமரிப்பு

ஓட்டி முடித்ததும் கம்பியை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். வெளியே எண்ணெய் தடவ வேண்டாம். செம்மண் அதில் பசை போல ஒட்டி, ஒவ்வொரு முறை கம்பி உள்ளே போகும்போதும் ஓ-ரிங்கை உப்புத்தாள் மாதிரி அரைக்கும். திறந்து பார்க்கும்போது ஆயில் கறுத்து இருந்தால் மாற்றுங்கள், கூடவே ஓ-ரிங்கையும். ஊற்றிய ஆயிலின் எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி சேஸிஸின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நான்கு மாதம் கழித்து முன்பக்கம் 450 போட்டோமா 500 போட்டோமா என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.