அப்பா அம்மாவுக்கு நிமோனியா தடுப்பூசி: பேச்சை நீங்கள்தான் எடுக்க வேண்டும்

வீட்டில் 65 வயது தாண்டியவர்கள் இருந்தால், நிமோனியா தடுப்பூசி பற்றி டாக்டரே சொல்வார் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். மாதாமாதம் சுகருக்கும் பிரஷருக்கும் போகிற கிளினிக்கில், வெளியே அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரை எழுதவே அவருக்கு நேரம் சரியாகப் போய்விடுகிறது. அரசுத் திட்டத்திலும் இந்த ஊசி குழந்தைகளுக்குத்தான். 2017-ல் சில மாநிலங்களில் ஆரம்பித்து 2021-ல் நாடு முழுக்க வந்தது. பெரியவர்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லாததால், எந்த நர்ஸும் பெயரைத் தேடிக் கூப்பிடப் போவதில்லை.

அதனால் டாக்டர் முன் உட்கார்ந்ததுமே கேளுங்கள்: "அப்பாவுக்கு நியூமோகாக்கல் ஊசி போடலாமா, எது போடலாம்?" (நிமோனியா ஊசிக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் அது.) எழுந்து கிளம்பும்போது கேட்டால் "அடுத்த தடவை பார்ப்போம்" என்றுதான் வரும். சுகர், இதய நோய், சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்), சிறுநீரகக் கோளாறு, சிகரெட் பழக்கம் எது இருந்தாலும் சேர்த்துச் சொல்லுங்கள், இவர்களுக்கு 65-க்கு முன்பே போடலாம்.

எந்த ஊசி என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பிசிவி, பிபிஎஸ்வி என்பவை இந்த ஊசியின் இரண்டு வகைகள், பின்னால் வரும் எண் அதில் எத்தனை கிருமி வகைகள் அடங்கியிருக்கின்றன என்பது. பிசிவி20 என்றால் ஒரே டோஸ். பிசிவி13 போட்டால், வழக்கமாக ஒரு வருடம் கழித்து பிபிஎஸ்வி23 போடுவார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இடைவெளி 8 வாரம்கூட இருக்கலாம். முன்பே ஏதாவது போட்டிருந்தால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

அப்புறம் செலவு. சில ஆயிரம் ரூபாய் ஆகும், மருத்துவக் காப்பீட்டில் பெரும்பாலும் கிடைக்காது. விலையைக் கேட்டதும் "அந்தக் காசுக்குப் பேத்திக்கு ஏதாவது வாங்கு" என்பார் அம்மா. பணத்தை நீங்கள் கட்டிவிட்டு, விலையைப் பிறகு சொல்லுங்கள். "கொரோனா ஊசிதான் போட்டாச்சே" என்றால், அது வேறு கிருமி, இது வேறு என்று சொல்லலாம். ஃப்ளூ ஊசி போல வருடாவருடம் போட வேண்டியதில்லை என்பதையும் சொல்லுங்கள், அதற்குத்தான் பாதிப் பேர் இறங்கி வருகிறார்கள். ஆனால் இனி நிமோனியாவே வராது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நெதர்லாந்தில் 65 தாண்டிய சுமார் 85,000 பேரிடம் பிசிவி13-ஐச் சோதித்தபோது, அந்த ஊசியில் அடங்கிய கிருமி வகைகளால் வரும் நிமோனியா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மற்ற கிருமிகளால் வருவதை இது தடுக்காது. அந்தப் பாதியே இந்த வயதில் பெரிய விஷயம் என்பேன்.

விலை அதிகம் என்பதால் சின்ன கிளினிக்குகள் இதை வாங்கி வைப்பதில்லை. முதல் நாளே போன் செய்து, இருக்கிறதா, இல்லையென்றால் எந்த மெடிக்கலில் கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து இது. கடைக்காரரிடம் ஐஸ் பேக்கோடு வாங்கி நேராக கிளினிக்குக்குப் போங்கள். ஐஸ் நேரடியாகப் படக் கூடாது, ஃப்ரீசரில் வைக்கவே கூடாது, உறைந்தால் கெட்டுவிடும்.

நல்ல காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுவதால் ஊசியைத் தவிர்க்க வேண்டாம், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கை ஓரிரு நாள் வலிக்கும், லேசாக உடம்பு சுடலாம். ஃப்ளூ ஊசியையும் அன்றே மற்றக் கையில் போட்டுக்கொள்ளலாம், இன்னொரு அலைச்சல் மிச்சம்.

போட்டதும் ஊசியின் பெயரையும் தேதியையும் சுகர் நோட்டில் எழுதி, அட்டைப்பெட்டியை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டாவது டோஸ் இருந்தால் அந்தத் தேதியை உங்கள் போனில் போடுங்கள், அப்பாவின் போனில் வேண்டாம்.