வளைந்த பாகங்களை நிமிர்த்தும்போது

பழைய பைக்கின் ஃபுட்ரெஸ்ட், மட்கார்டு ஸ்டே (மட்கார்டைத் தாங்கும் கம்பி) போன்றவை சாதா இரும்புதான் என்றால் வைஸில் (பட்டறை மேசைப் பிடிப்பானில்) இறுக்கி, நீளமான பைப்பை மாட்டி மெதுவாக இழுத்தாலே நிமிர்ந்துவிடும், கொஞ்சம் திரும்பி வரும் என்பதால் ஒரு நூல் கூடுதலாகவே இழுங்கள். கனமானதைச் சிவக்கக் காய்ச்சலாம். துத்தநாகப் பூச்சு இருந்தால் முதலில் சுரண்டிவிடுங்கள், அந்தப் புகை ஆகாது.

பிரேக், கிளட்ச் பிடிக்கும் அலுமினிய லீவர்தான் வம்பு. எவ்வளவு சூடேறினாலும் நிறம் மாறாது, திடீரென்று உருகி விழும்! அதனால் சோப்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, அந்தக் கோடு கருக்கும்வரை மட்டும் தீயைக் காட்டுங்கள், அப்புறம் ஆறவிட்டு ரப்பர் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டலாம். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், பிரேக் லீவர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயை நெருப்பில் காட்டவே கூடாது.