கேப்புத் துப்பாக்கியைக் கழுவிப் பராமரிப்பது எப்படி?

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காட்டோர ஊர்களில், உரிமம் பெற்ற பழைய நாட்டுத் துப்பாக்கி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டித்து, கேப்பு (தட்டினால் தீப்பொறி தரும் சின்ன உலோகத் தொப்பி) வைத்துச் சுடுகிற வகை. இதற்கு எமன், சுட்டபின் குழலுக்குள் தங்கும் கரிதான். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். சுட்ட அன்றே கழுவிவிட வேண்டும்.

முதலில் கேப்பை எடுத்துவிட்டு, குழல் காலியா என்று பாருங்கள். முகத்தைக் குழல்வாய்க்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள். கெட்டிக்கும் கம்பியை உள்ளே மெதுவாக விட்டு, வாயருகே கம்பியில் அடையாளம் வையுங்கள். அப்புறம் அதை வெளியே எடுத்து, அடையாளம் குழல்வாய்க்கு நேராக இருக்கும்படி குழலின் வெளிப்பக்கம் ஒட்டிப் பிடித்தால், நுனி கேப்பு வைக்கும் நிப்பிள் வரை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. தாத்தா காலத்துத் துப்பாக்கியில் பழைய மருந்து அப்படியே கிடக்கலாம். எத்தனை வருடமானாலும் அது வெடிக்கும். குத்தி எடுக்க முயலாமல் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் சொல்லுங்கள்.

காலிதான் என்றால் நிப்பிளைச் சாவியால் கழற்றுங்கள். குழல் கழலுமானால் அதையும் தனியே எடுங்கள், துப்பாக்கியின் மரக்கட்டையில் தண்ணீர் பட்டால் ஊறி உப்பும். சுடுதண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கலந்து, துணி சுற்றிய கம்பியால் குழலை உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை விடாதீர்கள். நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. மழைத்தண்ணீரோ ஒகேனக்கல் குடிநீரோ நல்லது. கடைசியாக நல்ல கொதிநீர் ஊற்றினால் இரும்பு சூடேறித் தானே சீக்கிரம் காயும்.

உலர்ந்த துணியால் துடைத்து, மெஷின் ஆயிலை மெல்லியதாகப் பூசுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். நிப்பிள் மரையில் துளி கிரீஸ் தடவித் திரும்ப மாட்டுங்கள். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். அடுத்தமுறை மருந்து போடுமுன் குழலிலுள்ள எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்து நனைந்து பிடிக்காது.

காலித் துப்பாக்கியில் குதிரையை, அதாவது கேப்பைத் தட்டும் சுத்தியலை, பாதி இழுத்து நிறுத்தி, விசையை அழுத்திப் பாருங்கள். குதிரை விழக்கூடாது. விழுந்தால், குதிரையைப் பிடித்து நிறுத்தும் பூட்டு தேய்ந்திருக்கிறது. அதை அரம் வைத்து ராவாதீர்கள். ஆயுதச் சட்டம் 1959-இன்படி பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும். காலித் துப்பாக்கியோடு உங்கள் உரிமத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த உரிமம் உள்ள கடைக்கே போங்கள்.