தாத்தாவின் பாரசீகக் கம்பளம் எந்த ஊர்? திருப்பிப் போட்டுப் பாருங்கள்

ராயபுரம் வீட்டுப் பரணிலிருந்து தாத்தாவின் கம்பளத்தை இறக்கியபோது, "கப்பல்ல வந்தது, ஈரான் ராஜா வூட்டுக் கம்பளம்" என்றார் அத்தை. தாத்தா துறைமுகத்தில் கணக்கு எழுதியவர். கப்பல் சரி, நடுவில் ராஜா எப்படி வந்தார்?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கம்பளமும் ஒரு கதையும் இருந்தால், கதையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். பூ வேலைப்பாட்டையும் நம்பவேண்டாம். ஈரானின் கஷான் நகரத்து டிசைனை உத்தரப் பிரதேசத்தின் பதோஹியிலும் நெய்கிறார்கள். ஊரைக் காட்டிக்கொடுப்பது முதுகுப் பக்கம்தான். மொட்டைமாடி வெயிலில் திருப்பிப் போடுங்கள். ஒரு ஸ்கேலும் போன் கேமராவும் போதும்.

படி 1: கைவேலையா? முன்பக்க டிசைன் அப்படியே பின்னாலும் தெளிவாகத் தெரியவேண்டும். பின்னால் கான்வாஸ் துணி ஒட்டியிருந்தால் அது முடிச்சுக் கம்பளமே இல்லை. குஞ்சத்தையும் பாருங்கள். கைத்தறியில் பாவு இழைகளின், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்களின், நுனிதான் குஞ்சம். தனியாகத் தைத்திருந்தால் மெஷின் வேலையாக இருக்கலாம், பழுதுபார்த்ததாகவும் இருக்கலாம். அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

படி 2: பாவு எது? வெள்ளைப் பருத்தி என்றால் பெரும்பாலும் நகரத்துப் பட்டறை அல்லது கிராமத்துத் தறி. கம்பளி என்றால் நாடோடிக் குடிகளின் பக்கம், காஷ்காய், பலூச் என்று தேடலாம்.

படி 3: முடிச்சு. நிதானமாகச் செய்யவேண்டிய இடம் இது. முன்பக்கத்தை வரிசை வாக்கில் மடக்கி, மேலே நிற்கும் கம்பளி இழையின் அடியைப் பாருங்கள். இரண்டு பாவு இழைகளையும் ஒரு கழுத்துப்பட்டை போலச் சுற்றி, இரு நுனியும் நடுவிலிருந்து ஒன்றாக வெளியே வந்தால் துருக்கி முடிச்சு. ஒரு பாவை மட்டும் முழுதாகச் சுற்றி, நுனிகள் தனித்தனியே வந்தால் பாரசீக முடிச்சு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: ஈரானிலேயே தப்ரீஸ், ஹெரிஸ், ஹமதான் பக்கமெல்லாம் துருக்கி முடிச்சுதான். கஷான், இஸ்ஃபஹான், நாயின், கும் பக்கம் பாரசீக முடிச்சு.

படி 4: ஊடை. முடிச்சு வரிசைகளுக்கு நடுவே குறுக்கே எத்தனை இழை ஓடுகிறது? ஒன்றே ஒன்று ஓடி, பின்னால் வெள்ளைப் புள்ளிகள் மாறி மாறித் தெரிந்தால், ஹமதானைச் சுற்றியுள்ள கிராமங்களை முதலில் நினையுங்கள். பலகை மாதிரி விறைத்து, மடக்கவே வராமல், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனமா? ஈரானின் பிஜார் ஊர்க் கம்பளமாக இருக்கலாம். நீலச் சாயம் போட்ட ஊடை கஷான், சாரூக் ஊர்களின் கம்பளங்களில் அடிக்கடி தெரியும்.

படி 5: பட்டு மாதிரி மின்னுகிறதா? உதிர்ந்த ஒரு இழையைக் கொளுத்துங்கள். முடி பொசுங்கும் வாடை வந்தால் பட்டோ கம்பளியோ. காகிதம் எரிகிற வாடை என்றால் செயற்கைப் பட்டு.

படி 6: தேதி. ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் எழுத்து இருந்தால், உருது தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மண்ணடியில் ஆளுக்கா பஞ்சம்? 1310 என்று இருக்கிறது என்று வையுங்கள். ஹிஜ்ரி சந்திர ஆண்டு என்றால் அது 1892 வாக்கில். 1925-க்குப் பின் ஈரானில் அரசு வழக்கான சூரிய ஆண்டு என்றால் 1931. ஒரே எண்தான், நாற்பது வருஷம் வித்தியாசம்! பழசாகக் காட்ட ஒரு எண்ணைத் திருத்தி நெய்வதும் உண்டு.

இப்போது வீட்டுக் கதையை எடுத்து ஒட்டிப் பாருங்கள். "1900-ல் வாங்கிய கும் பட்டு" என்றால் ஒட்டாது. கும் நகரில் கம்பளப் பட்டறைகள் வந்ததே 1930-களில்தான்.

எங்கள் கம்பளம்? பருத்திப் பாவு, துருக்கி முடிச்சு, ஒற்றை ஊடை. ஹமதான் பக்கத்துக் கிராமத்து வேலை என்று அத்தையிடம் சொன்னேன். "அந்த கிராமத்துல ராஜா இல்லியா?" என்றார்.