டிஜே, எம்சி வேலைக்கு எவ்வளவு கேட்பது? புதியவர்களுக்கு ஒரு கணக்கு

“நாலு மணி நேரம் பாட்டுப் போட இவ்வளவா?” இந்தத் தொழிலுக்கு வரும் எல்லோரிடமும் வாடிக்கையாளர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி இது. புதியவர்கள் பலர் பதில் சொல்ல முடியாமல் உடனே விலையை இறக்கிவிடுகிறார்கள். தன் வேலை நாலு மணி நேரம்தான் என்று அவர்களும் நம்புவதுதான் காரணம். அதனால் கணக்கை அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: உண்மையான மணிக்கணக்கை எழுதுங்கள்

நாலு மணி நேர விழா ஒன்றை எடுத்துக்கொள்வோம். விழாக்காரர்களோடு பேச ஒரு மணி நேரம், பாட்டுகளைத் தேர்ந்து வரிசைப்படுத்த இரண்டு, பொருட்களைச் சரிபார்த்து வண்டியில் ஏற்ற அரை, போக வர ஒன்றரை. ஸ்பீக்கர், மிக்ஸர் (ஒலிகளைக் கலக்கும் கருவி) எல்லாம் பொருத்தி, ஒலி சரியாக வருகிறதா என்று சவுண்ட் செக் முடிக்க இரண்டு. மேடையில் நாலு. கழற்றி மறுபடி ஏற்ற ஒன்று. மொத்தம் 12 மணி நேரம். உங்கள் ஊர்ப் போக்குவரத்துக்கு ஏற்ப இது கூடும், குறையும். எப்படியானாலும் மேடை நேரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு வேலை மேடைக்கு வெளியேதான் இருக்கும்.

படி 2: அடிமட்ட விலையைக் கண்டுபிடியுங்கள்

இதற்குக் கீழே போனால் செலவும் உங்கள் வருமானமும் சேர்ந்து தேறாது என்ற கோடு ஒன்று உண்டு. அதைத்தான் இப்போது தேடுகிறோம். கீழே உள்ள எண்கள் உதாரணம் மட்டுமே. உங்கள் நாணயத்தில் உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலர் (லேப்டாப்பில் உள்ள பாட்டுகளை இயக்கும் டிஜே கருவி), லேப்டாப், ஸ்பீக்கர், மைக், கேபிள் எல்லாம் சேர்த்து 2,400 ஆனது. நாலு வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 600. காப்பீடு, பாட்டு வாங்குவது, மென்பொருள், பழுது, விளம்பரம், வரி ஆகியவற்றுக்கு 900. இந்தத் தொழிலிலிருந்து வருடத்துக்கு உங்கள் வீட்டுக்கு வர வேண்டியது 3,000. கூட்டினால் 4,500.

இதை எத்தனை விழாக்களால் வகுப்பது? வருடத்தில் 52 வாரம் இருக்கிறது என்று 52 போட வேண்டாம். விழாக்கள் வார இறுதிகளிலும் சில மாதங்களிலும்தான் குவியும், நடுவில் வெறும் வாரங்கள் வரும். 30 என்று வைத்தால் ஒரு விழாவுக்கு 150. பன்னிரண்டு மணி நேரத்துக்கு அது மணிக்கு 12.50தான். போக்குவரத்துச் செலவும் உதவியாள் கூலியும் இதற்கு மேல்.

படி 3: எம்சி வேலைக்குத் தனி விலை

எம்சி என்றால் மைக் பிடித்து நிகழ்ச்சியைத் தொகுத்து நடத்துபவர். அந்த வேலைக்குத் தனி விலை என்பதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். “மைக் கையில்தானே இருக்கு, ரெண்டு வார்த்தை பேசிடுங்க” என்பார்கள். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் நிகழ்ச்சி நிரலை வாங்கிப் படிப்பது, ஒவ்வொரு பெயரையும் எப்படி உச்சரிப்பது என்று வீட்டாரிடம் கேட்டுக் குறிப்பது, பேசப்போகிறவர்களின் வரிசையை உறுதிசெய்வது, சாப்பாடு எப்போது என்று சமையல் பொறுப்பாளரிடம் கேட்பது, புகைப்படக்காரர் தயாரா என்று பார்ப்பது எல்லாம் இருக்கிறது. யாராவது வரத் தாமதமானால் கூட்டத்தைக் கலையாமல் வைத்திருப்பதும் எம்சி பொறுப்புதான். ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னால் அந்தக் குடும்பம் அதை மறக்காது.

இந்தத் தயாரிப்புக்கே கூடுதலாக நாலு மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். மணிக்கு 12.50 வீதம் 50. ஆக இரண்டும் சேர்த்து 200. ஒருவரே இரண்டையும் செய்யும்போது பேசிக்கொண்டே அடுத்த பாட்டையும் தயாராக வைக்க வேண்டும், எனவே இலவச இணைப்பாக எம்சியைக் கொடுக்காதீர்கள். பெரிய விழா என்றால் இரண்டு ஆட்கள், இரண்டு சம்பளம்.

படி 4: இடம் பார்த்து விலை சேருங்கள்

லிஃப்ட் இல்லாத மாடி, தூரமான வண்டி நிறுத்தம், நள்ளிரவுக்குப் பின் கழற்றுவது எல்லாமே கூடுதல் வேலை. முக்கியமாகத் திறந்தவெளி. சுவர் இல்லாத இடத்தில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும். அதே ஸ்பீக்கரில் அந்த 6 டெசிபலை மீட்க நாலு மடங்கு மின்திறன் வேண்டும். அறைக்குள் போதுமான ஸ்பீக்கர் வெளியே பாவமாகக் கேட்பது இதனால்தான். இதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். வாடகையோடு எடுத்து வரும் கூலியையும் கோட்டேஷனில் தனி வரியாகக் காட்டுங்கள்.

படி 5: நகரத்து விலையோடு ஒப்பிடுங்கள்

மற்ற டிஜேக்களிடம் நேராகவே கேளுங்கள். வாடிக்கையாளர் போல நடித்து விலை கேட்பது வேண்டாம். ஒரே தேதிக்கு இரண்டு வேலை வந்தால் உங்களுக்குத் தள்ளிவிடப் போகிறவர்கள் அவர்கள். தொகையை மட்டும் பார்க்காமல் அதில் எத்தனை மணி நேரம், எத்தனை ஸ்பீக்கர், விளக்கு உண்டா என்றும் கேளுங்கள். நகரத்து விலை உங்கள் 150க்குக் கீழே இருந்தால், சொந்தமாக வாங்குவதைக் குறைத்துச் செலவை இறக்குங்கள், அல்லது வேறு வகை விழாக்களைத் தேடுங்கள்.

படி 6: எழுத்தில் கொடுங்கள்

ஒரு பக்கம் போதும். தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், என்னென்ன கருவி, எத்தனை மைக், முன்பணம், ரத்தானால் எவ்வளவு திரும்பும். பாட்டு உரிமம் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். வீட்டில் கேட்க எடுத்த ஸ்ட்ரீமிங் சந்தா பொது நிகழ்ச்சிக்கான அனுமதி ஆகாது. பல மண்டபங்கள் உரிமம் வைத்திருக்கும், கேட்டு உறுதிசெய்யுங்கள்.

நேரம் நீண்டால் என்ன விலை என்பதும் அதிலேயே இருக்கட்டும். 150ஐ நாலு மேடை மணியால் வகுத்தால் 37.50, கூடுதல் மணிக்கு அதற்குக் குறைவாக வாங்காதீர்கள். கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது பேரம் பேசுவது இரு தரப்புக்கும் சங்கடம்.

குறைத்துக் கேட்டால் கோபப்பட வேண்டாம், வேலையைக் குறைத்துக் காட்டுங்கள்: “விளக்கை எடுத்துடலாம்”, “மூணு மணி நேரமா வெச்சுக்கலாம்”. வேலை அப்படியே இருக்க விலை மட்டும் இறங்கினால், முதலில் சொன்னது பொய் விலை என்றுதான் நினைப்பார்கள்.

விலையை ஏற்றுவது எப்போது?

கேட்கிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் யோசிக்காமல் சரி என்றால் ஏற்றலாம். புதிதாகக் கேட்பவர்களிடம் தொடங்குங்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். முன்பணம் வாங்கிய தேதிகளுக்குப் பழைய விலைதான்.